ஹைப்ரிட் காரின் ஆயில் கணக்குக்கு ஓபிடி கருவி: புதுச்சேரியில் ஒரு வருடம் ஓட்டிப் பார்த்தது

2024 பிப்ரவரியில் இருந்து 2025 பிப்ரவரி வரை என் ஹைப்ரிட் காரில் ஒரு ஓபிடி புளூடூத் கருவியை (வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படித்துப் போனுக்கு அனுப்பும் சின்னப் பெட்டி) மாட்டி, என்ஜின் உண்மையில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, அதில் எத்தனை மணி நேரம் சூடாகாமலேயே ஓடுகிறது என்று பதிவு செய்தேன். அந்தக் கருவியைப் பற்றியும் அது சொன்ன கணக்கைப் பற்றியும்தான் இந்த விமர்சனம். கடலூர், புதுச்சேரி பக்கம் ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் இப்போது நிறையப் பேர் ஆகிவிட்டார்கள், எல்லாருக்கும் இதே சந்தேகம் இருக்கிறது: பாதி நேரம் பேட்டரியில் ஓடுகிற வண்டிக்கு ஆயிலை எப்போது மாற்றுவது?

எனக்கு இந்தச் சந்தேகம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் கருவி எதற்கு என்று புரியும். கார் வாங்கியது 2023 பொங்கலுக்கு. ஸ்ட்ராங் ஹைப்ரிட், அதாவது மெதுவாகப் போகும்போது பெட்ரோல் என்ஜின் நின்றுவிட்டு மோட்டார் மட்டும் இழுக்கும் வகை. வீடு முதலியார்பேட்டையில். பையனைப் பள்ளியில் விடுவது, ஆபீஸ், மார்க்கெட் எல்லாமே இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையானால் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அப்பா அம்மாவைப் பார்க்கப் போவோம். ஒரு வருடம் முடிந்தபோது ஓடியிருந்தது 5,900 கி.மீ. சர்வீசுக்கு விட்டேன். அங்கே இருந்த தம்பி, "சார், பத்தாயிரம் ஓடலையே, அதுலயும் பாதி பேட்டரிலதான ஓடிருக்கு, ஆயில் புதுசா இருக்கும், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார், எனக்கு ஒரு செலவு குறையட்டும் என்று. நானும் சரி என்று வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கையேட்டைப் புரட்டினால் 10,000 கி.மீ அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. ஹைப்ரிட் என்பதற்காக எந்தச் சலுகையும் அதில் இல்லை.

மூன்று வாரம் கழித்துக் காலையில் வண்டி எடுக்கும் முன் டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு காட்டும் கம்பியை, இழுத்துத் துடைத்துப் பார்த்தேன். ஆயில் குறைந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருக்கிறது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் லேசாகப் பெட்ரோல் வாடை. ஆயில் தானாக எப்படிக் கூடும்? அன்றைக்கு எனக்குப் புரியவில்லை, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அந்த ஞாயிறு நெல்லிக்குப்பத்தில் மாமா வீட்டுக்குப் போனபோது இதைச் சொன்னேன். மாமா டிராக்டர் வைத்திருக்கிறார், ஆலைக்குக் கரும்பு அடிக்கிற வண்டி. அவர் கேட்ட முதல் கேள்வி, "கிலோமீட்டர இருக்கட்டும் மாப்ள, எஞ்சின் எத்தன மணி ஓடிருக்கு?" என்பதுதான். டிராக்டரில் யாரும் கிலோமீட்டர் பார்ப்பதில்லை. மீட்டரிலேயே மணிக்கணக்கு ஓடும், 250 மணி ஆனால் ஆயிலை இறக்கு, அவ்வளவுதான். ஜெனரேட்டருக்கும் அப்படித்தான், கடலூர் முதுநகரில் விசைப்படகு வைத்திருப்பவர்களைக் கேட்டாலும் மணிக்கணக்குதான் சொல்வார்கள். காரில் மட்டும்தான் சக்கரம் சுற்றியதை வைத்து என்ஜின் ஆயிலை அளக்கிறோம். சாதாரணப் பெட்ரோல் காரில் சக்கரம் சுற்றும்போதெல்லாம் என்ஜினும் சுற்றுகிறது, அதனால் அந்தக் கணக்கு ஏறக்குறைய சரியாக வந்துவிடும். ஹைப்ரிட்டில் சக்கரத்துக்கும் என்ஜினுக்கும் அந்த உறவு அறுந்துபோகிறது. என் டேஷ்போர்டில் என்ஜின் மணிக்கணக்கு எங்கேயும் இல்லை, சர்வீஸ் நினைவூட்டும் விளக்கும் அந்தக் கணக்கைப் பார்த்து எரிவதாகத் தெரியவில்லை. சில கம்பெனிகளின் கார்களில் என்ஜின் சுற்று, வெப்பம் எல்லாம் பார்த்து ஆயில் ஆயுளைச் சதவீதமாகக் காட்டும் வசதி பல வருடங்களாகவே உண்டு. என் காரில் இல்லை. அதனால்தான் கருவி.

முதலில் வாங்கியது 399 ரூபாய்க்கு ஆன்லைனில் வந்த நீல நிறப் பெட்டி. அதை வாங்கவே வாங்காதீர்கள். இ.எல்.எம் 327 என்று மேலே எழுதியிருக்கும், பெரும்பாலும் நகல் சிப். பாதிக் கட்டளைகளுக்குப் பதிலே வராது, வந்தாலும் மூன்று நான்கு விநாடி இடைவெளி விட்டு வரும், நமக்கோ என்ஜின் எப்போது நின்றது எப்போது எழுந்தது என்று விநாடிக் கணக்கில் வேண்டும். அதைவிட மோசம், வண்டியை நிறுத்திய பிறகும் அது தூங்கவில்லை. ஒரு கல்யாணத்துக்காக ரயிலில் ஊருக்குப் போய் எட்டு நாள் கழித்து வந்தால் கதவே திறக்கவில்லை. ஹைப்ரிட்டில் பெரிய பேட்டரி ஒன்று இருந்தாலும், வண்டியை விழிக்க வைப்பது சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். அது படுத்துவிட்டால் பெரிய பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் மீட்டரில் வண்டி கிளம்பத் தயார் என்று சொல்லும் ரெடி விளக்கு வராது. சாவிக்குள் இருக்கும் இரும்புச் சாவியால் கதவைத் திறந்து, நெல்லித்தோப்பில் இருந்து மெக்கானிக் அண்ணனைக் கூட்டிவந்து ஜம்ப் கொடுத்து எழுப்பினோம். அவர் சொன்னது இன்றைக்கும் நினைவிருக்கிறது: "இது கம்ப்யூட்டர எழுப்பற கரண்ட்டுதான் தம்பி, ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கற வேலை இல்ல, ஆனா அந்தக் கொஞ்சமும் இல்லன்னா ஒண்ணும் நடக்காது."

இரண்டாவதாக வாங்கியது 2,200 ரூபாய். ஒரு வருடம் ஓட்டியது இதைத்தான், இனி கருவி என்று நான் சொல்வதெல்லாம் இதுதான். பிராண்டைப் பார்த்து வாங்காதீர்கள், மூன்று விஷயங்களைப் பாருங்கள் போதும். வண்டி நின்றதும் தானாகத் தூங்க வேண்டும். ஐபோன் வைத்திருந்தால் புளூடூத் லோ எனர்ஜி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பழைய புளூடூத் பெட்டிகள் ஐபோனோடு பேசாது. அப்புறம் இணைக்கும்போது 1234 என்ற பொதுக் கடவுச்சொல்லிலேயே நிற்கும் பெட்டியாக இருந்தால் வண்டியில் மாட்டியே விட்டுவிடக் கூடாது, பக்கத்தில் நிற்கிற யாரும் இணைத்துக்கொள்ள முடியும், கருவி மாட்டும் சாக்கெட் வழியாக வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசலாம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

தூங்கும் விஷயத்தில் இந்தக் கருவி எனக்கு முழுத் திருப்தி. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும், ஒரே நாளில் 48 செ.மீ-க்கு மேல் கொட்டிய மழை. அதற்குப் பின்னாலேயே தென்பெண்ணையில் வெள்ளம். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், வண்டியை முன்னாடியே மேடான இடத்தில் ஏற்றி நிறுத்திவிட்டு 11 நாள் தொடவில்லை. அவசரத்தில் கருவியைக் கழற்ற மறந்துவிட்டேன். பதினொன்றாம் நாள் பட்டனை அழுத்தியதும் ரெடி வந்தது. அன்றைக்குத்தான் இந்த 2,200 ரூபாய் வீண் இல்லை என்று நம்பினேன். (அப்படி நின்ற வண்டியை எடுக்கும் முன் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, பட்டனை அழுத்தவே அழுத்தாதீர்கள், இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். எனக்கு அப்படி ஆகவில்லை.)

மாட்டுவது ஒன்றும் கஷ்டம் இல்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே முட்டிக்கு மேலே 16 முள் சாக்கெட் இருக்கும், குத்தினால் போதும். போனில் டார்க் புரோ என்ற ஆப்பைப் போட்டேன், அது பயணம் முழுவதையும் சி.எஸ்.வி கோப்பாக எழுதிக் கொடுக்கும், எனக்கு வேண்டியதே அதுதான். அழகான முள், மீட்டர் எல்லாம் முதல் வாரத்துக்குத்தான் வேடிக்கை.

இங்கே ஒரு பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது, அதை முதலிலேயே தெரிந்துகொண்டால் ஒரு மாதம் மிச்சம். ஆப்பில் "என்ஜின் ஓடிய நேரம்" என்று ஒரு அளவு இருக்கும், அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். என் காரில் அது என்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டவில்லை, ரெடி விளக்கு எரிந்த நேரம் முழுவதையும் காட்டியது. இந்திரா காந்தி சதுக்கம் சிக்னலில் என்ஜின் நின்று ஏ.சி மட்டும் ஓடிக்கொண்டிருந்த நேரமும் அதில் சேர்ந்துவிடுகிறது. ஒரு மாதம் அந்த எண்ணையே எழுதி வைத்து ஏமாந்தேன். அப்புறம்தான் சுற்று வேகத்தைப் பிடித்தேன். விநாடிக்கு ஒருமுறை ஆர்.பி.எம் பதிவாகிறது, அது பூஜ்யத்துக்கு மேல் இருக்கும் வரிகளை மட்டும் எண்ணினால் அத்தனை விநாடி என்ஜின் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அதோடு கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கச் சுற்றும் தண்ணீரின் வெப்பத்தையும் பதிவு செய்தேன். முதல் மாதத்துக் கோப்புகளிலும் ஆர்.பி.எம் இருந்ததால் பிழைத்தேன், அதையும் திரும்ப எண்ணிக்கொண்டேன். வருடம் முடிவதற்குள் எட்டு லட்சம் வரிகளுக்கு மேல் வந்துவிட்டது, எக்செல்லில் ஒரே தாளில் போட்டால் லேப்டாப் மூச்சு வாங்கும், மாதவாரியாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயில் வெப்பம் நேரடியாகக் கிடைத்தால் இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் என் கார் அதைத் தருவதில்லை, பல கார்கள் தருவதில்லை. கூலன்ட் 70 டிகிரியைத் தொட்டால் ஆயிலும் சூடாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. தண்ணீர்தான் முதலில் சூடாகும், என்ஜினுக்கு அடியில் சம்ப் தொட்டியில் கிடக்கும் ஆயில் பின்னால்தான் வரும். ஆகவே கூலன்ட்டை வைத்து நான் "குளிர்" என்று எண்ணிய நேரத்தைவிட ஆயில் குளிர்ந்தே இருந்த நேரம் அதிகம்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் புது ஆயில் ஊற்றிய நாளில் இருந்து 12 மாதத்தில் ஓடோமீட்டர் காட்டியது 7,410 கி.மீ. ரெடி விளக்கு எரிந்தது 247 மணி. பெட்ரோல் என்ஜின் ஓடியது 116 மணி மட்டும். அதாவது வண்டி உயிரோடு இருந்த நேரத்தில் பாதிகூட என்ஜின் வேலை செய்யவில்லை. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் அன்றைக்கு சர்வீஸ் தம்பி சொன்னது சரி என்றுதான் தோன்றும். மாமாவின் 250 மணியில் பாதிகூட ஆகவில்லையே, இன்னொரு வருடம் தாராளமாகப் போகலாமே என்று எனக்கும் இரண்டு நாள் அப்படித்தான் தோன்றியது.

மாமாவிடமே போனில் சொன்னேன். "நூத்திப் பதினாறா, ஒரே இழுப்பா ஓடுச்சா, சில்லறையா ஓடுச்சா?" என்றார். மறுபடியும் கோப்புகளைத் திறந்து பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. 116 மணியில் 29 மணி கூலன்ட் 70 டிகிரிக்குக் கீழே இருந்திருக்கிறது, நான்கில் ஒரு பங்கு. அந்த 29-இல் 23 மணி புதுச்சேரி ஊருக்குள் ஓடிய ஓட்டத்தில். ஊருக்குள் மட்டும் வருடத்தில் 2,800 கி.மீ, அதற்கு என்ஜின் ஓடியது 53 மணி, அது ஆயிரத்துச் சொச்சம் சின்னச் சின்ன நடைகளில் சிதறிக் கிடக்கிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு நடைக்கு என்ஜின் மூன்று நிமிடம்கூட ஓடவில்லை! அந்த மூன்று நிமிடமும் தொடர்ந்து இல்லை. முதல் ஒரு நிமிடம் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கியைச் சூடாக்க ஓடுகிறது, நிற்கிறது, மேம்பாலம் ஏற எழுகிறது, நிற்கிறது, பள்ளி வாசலில் ஏ.சி-க்காக பேட்டரி இறங்கினால் மறுபடி எழுகிறது, அதற்குள் நாங்கள் இறங்கிவிடுகிறோம்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் ஏறியதற்குக் காரணம் இதுதான். குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோல் அதிகமாகச் செலுத்தப்படும். எரியாத கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து கீழே ஆயிலில் கலக்கும். பெட்ரோல் எரிந்தால் வருவதில் ஒன்று நீராவி, அதுவும் குளிர்ந்த உலோகத்தில் பட்டுத் தண்ணீராகி அங்கேயே தங்கும். ஆயில் நன்றாகச் சூடாகிக் கொஞ்ச நேரம் அப்படியே ஓடினால் இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். மூன்று நிமிட ஓட்டத்தில் அது நடக்கவே நடக்காது. நாளுக்கு நாள் சேர்ந்து ஆயில் நீர்த்துப்போகும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால் ஆவியாக அதிக வெப்பம் கேட்கும், ஈரத்தையும் இழுக்கும், ஆகவே குளிர் ஓட்டத்துக்கு அதுவும் நல்லது செய்யாது.

இன்னொன்று, நம் காரில் ஊற்றுவது ஏற்கெனவே மெல்லிய ஆயில். என் காருக்கு 0டபிள்யூ-16. தண்ணீர் மாதிரி இருக்கிறதே என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள், அப்பா கேட்டார், மெக்கானிக் அண்ணனும் கேட்டார். 16 என்ற தரமே 2013-இல்தான் வந்தது, மைலேஜுக்காக உராய்வைக் குறைக்க வந்த தரம், என்ஜினும் அதற்கேற்ற இடைவெளிகளோடு செய்யப்பட்டது, அதில் தவறில்லை. ஆனால் மெல்லிய ஆயிலில் பெட்ரோல் கலந்தால் விட்டுக்கொடுக்க இடம் கொஞ்சம்தான் இருக்கிறது, 20-40 ஊற்றிய பழைய அம்பாசடர் மாதிரி தாங்காது. ஆகவே ஆயில் மாற்றும்போது பக்கத்தில் நின்று டப்பாவைப் பாருங்கள். 0டபிள்யூ-16 என்று எழுதியிருக்க வேண்டும், ஏ.பி.ஐ எஸ்.பி அல்லது அதற்குப் பின் வந்த தரம் இருக்க வேண்டும். 16 ஆயிலுக்கான ஐ.எல்.எஸ்.ஏ.சி தரம் ஜி.எஃப்-6பி, முடிவில் இருக்கும் அந்த பி என்ற எழுத்து முக்கியம், 6ஏ என்றால் அது 20-க்கும் அதற்கு மேலானவற்றுக்கும். 2025-இல் இருந்து 7பி என்றும் வர ஆரம்பித்திருக்கிறது. நான் இந்தத் தடவை வேறு சர்வீஸ் சென்டருக்குப் போய், சீல் உடைக்கும்போது நிற்கிறேன் என்றேன், மறுக்காமல் கூப்பிட்டுக் காட்டினார்கள். டிரெயின் போல்ட்டின் வாஷரும் பில்டரும் புதுசு போட்டதை பில்லில் எழுதச் சொல்லுங்கள், உத்தரவாதத்துக்கு அந்த பில்தான் சாட்சி.

இணையத்தில் கனடாக்காரர்களும் ஐரோப்பியர்களும் ஹைப்ரிட் ஆயிலைப் பற்றி எழுதுவதைப் படித்துவிட்டு ரொம்பவும் பயந்துவிட வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே காலையில் என்ஜின் எழும்போது உறைபனி. நம்மூரில் மார்கழி விடியற்காலையில்கூட என் கூலன்ட் 24 டிகிரிக்குக் கீழே இறங்கிப் பார்க்கவில்லை, சித்திரையில் நிழலில் நின்ற வண்டியே 36-இல் இருந்து தொடங்கும். அது நமக்குக் கிடைத்த பெரிய நன்மை. அதேபோல் ஹைப்ரிட் என்ஜின் அடிக்கடி நின்று எழுவதால் தேய்ந்துவிடும் என்ற பேச்சையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சின்ன ஸ்டார்ட்டர் மோட்டார் உறுமி எழுப்பும் வேலை இங்கே இல்லை. பெரிய மின் மோட்டாரே என்ஜினை நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோன பிறகுதான் பெட்ரோல் விடப்படுகிறது, அதற்குள் ஆயில் அழுத்தமும் வந்துவிடும். நம்முடைய பிரச்சினை எழுவது நிற்பது இல்லை, சூடாகாமல் நிற்பதுதான்.

கோப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஞாயிற்றுக்கிழமைக் கோடுகள். முதலியார்பேட்டையில் கிளம்பும்போது 31, முருங்கப்பாக்கம் தாண்டுவதற்குள் 60, அரியாங்குப்பம் பாலத்தில் 80-ஐத் தாண்டிவிடும். தவளக்குப்பம் சந்திப்பில் எப்போதும் இருக்கும் நெரிசலில் என்ஜின் நின்றாலும் வெப்பம் இறங்காது. கிருமாம்பாக்கம், கன்னியக்கோவில் என்று ஒரே சீராக ஓடி முள்ளோடை தாண்டி ஆல்பேட்டை போகும்போது ஆயில் நன்றாக வெந்திருக்கும். போக வர 46 கி.மீ, மற்ற நாட்களில் போனதையும் சேர்த்து வருடத்தில் 60 தடவை, என்ஜின் 37 மணி. அதில் குளிர் 5 மணிதான். சென்னை, திருச்சி என்று போன நீண்ட பயணங்களில் 26 மணி, குளிர் ஒரு மணி. அம்மாவைப் பார்க்கப் போவதுதான் இந்த வண்டிக்கு வைத்தியம் என்று வீட்டில் சொன்னேன், அம்மாவுக்கு அதில் ஒரே சந்தோஷம். ஃபெஞ்சலுக்குப் பிறகு மூன்று வாரம் கடலூர்ப் பக்கம் போக முடியாமல் ஊருக்குள்ளேயே ஓட்டியபோது டிப்ஸ்டிக்கில் அந்த வாடை மறுபடி தெரிந்தது, இரண்டு ஞாயிறு போய்வந்ததும் குறைந்தது. இதை என் மூக்கை வைத்துச் சொல்கிறேன், ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கவில்லை.

கருவியின் குறைகளுக்கு வருகிறேன். எல்லாப் பயணமும் பதிவாவதில்லை. போன் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆப்பைப் பாதியில் மூடிவிடும், அமைப்புகளில் போய் அந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துவிட வேண்டும், அப்படியும் சில நாள் விட்டுப்போகும். என் மனைவி ஓட்டும் நாட்களில் என் போன் வண்டியில் இருக்காது. பழைய போன் ஒன்றை வண்டியிலேயே வைத்துவிடலாம் என்று நினைத்தேன், இந்த ஊர் வெயிலில் மூடிய காருக்குள் போன் பேட்டரி உப்பிவிடும், செய்யாதீர்கள். கடைசியில் உதவியது மனைவி கொண்டுவந்து டேஷ்போர்டு பெட்டியில் போட்ட, 20 ரூபாய் விலையுள்ள ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, ஓடோமீட்டர், யார் ஓட்டியது, எங்கே என்று நாலு கட்டம். வருடக் கடைசியில் கருவி தவறவிட்ட 45 நடைகளை அந்த நோட்டை வைத்துத்தான் சராசரி போட்டுச் சேர்த்தேன். ஆகவே மேலே கொடுத்த மணிக்கணக்கை இரண்டு மூன்று மணி முன்பின் என்று படியுங்கள். மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக் அளவையும் அதில் எழுதுகிறோம், மேல் கோட்டுக்கு எத்தனை அரிசி கீழே, எத்தனை அரிசி மேலே என்று அவர் எழுதுவார், அதுவே எனக்குப் புரிகிற அளவு.

எல்லாருக்கும் இந்தக் கருவி வேண்டுமா? திண்டிவனம், விழுப்புரம், நெய்வேலி என்று தினமும் 40, 50 கி.மீ ஓட்டுகிறவர்களுக்கு வேண்டவே வேண்டாம். உங்கள் ஆயில் தினமும் வெந்துவிடுகிறது, உங்களுக்கு வருடம் முடியும் முன்பே கிலோமீட்டர் முடிந்துவிடும், கையேட்டைப் பார்த்து மாற்றினால் போதும். ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர்கள், வருடத்துக்கு ஏழு எட்டாயிரம் தாண்டாதவர்கள், பெரியவர்கள் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் எடுக்கும் வண்டிகள், இவர்களுக்குத்தான் ஓடோமீட்டர் பொய்யான தைரியம் கொடுக்கும். அவர்களும் ஒரு வருடம் முழுக்க ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை. யாரிடமாவது கருவியை இரண்டு மாதம் இரவல் வாங்கி மாட்டுங்கள், உங்கள் வண்டியின் குணம் தெரிந்துவிடும். என் முதல் இரண்டு மாதமும் முழு வருடமும் ஏறக்குறைய ஒரே விகிதம்தான் காட்டின.

கருவி காட்டிய 116 மணியை வைத்து ஆயில் மாற்றுவதை நான் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு தள்ளிப் போடுபவர்களைப் பார்க்கிறேன், பாதி நேரம்தான் என்ஜின் ஓடியது, ஆகவே 20,000 வரை போகலாம் என்று கணக்குச் சொல்கிறார்கள். மணி குறைவாக ஓடியதற்குக் காரணமே சின்ன நடைகள்தான், அதே நடைகள்தான் ஆயிலைக் கெடுப்பதும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒரு வருடம் ஆனதா, இறக்குங்கள். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஏறினால் வருடம் ஆகும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். மழைக்காலத்தில்தான் நான் தூரமாகப் போவது குறைவு, ஆகவே மழை ஓய்ந்து தை, மாசியில் மாற்றுவது எனக்குப் பொருந்துகிறது, தேதியும் மறக்காது. டிரான்சாக்சில் (கியர் பெட்டி) ஆயிலும், மின் பகுதியைக் குளிர்விக்கும் இன்வெர்ட்டர் கூலன்ட்டும் வேறு கணக்கு, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், கையேட்டில் தனியாகப் போட்டிருக்கும்.

மாற்றும்போது பழைய ஆயிலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். நெல்லிக்குப்பம் போனபோது மாமாவிடம் காட்டினேன். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார், மோந்தார், துண்டில் துடைத்துக்கொண்டு, "கறுக்கல, ஆனா வழுக்கலும் இல்ல, சரியான நேரத்துலதான் எறக்கிருக்க" என்றார். புது ஆயில் ஊற்றி இப்போது 19 மணி ஓடியிருக்கிறது, அதில் குளிர் 5. இந்த வருடம் பையனைப் பள்ளியில் விடுவதற்கு மட்டும் ஸ்கூட்டரை எடுத்துக்கொள்கிறோம்.